ஓடும் நீரும் தேங்கும் நீரும்



அரபு மத்ரஸாவில் முதல் ஆண்டு சேரும் பிள்ளை ஃபிக்ஹு கிதாபைத் திறந்ததும் முதலாவதாக ஓதுவது தண்ணீரைப் பற்றிய பாடத்தைத்தான். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் அதற்குப் பிறகுதான் வரும். எந்தத் தண்ணீரால் வுழுச் செய்யலாம், ஓடுகிற நீரின் சட்டம் என்ன, தேங்கி நிற்கிற நீரின் சட்டம் என்ன, இரண்டு குல்லத்துக்குக் குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்று பல பக்கங்கள் போகும். "ஏன் ஹஸரத் இவ்வளவு விளக்கம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீரில் கவனமில்லாதவன் மற்ற எதிலும் கவனமாக இருக்கமாட்டான் என்பதுதான் அதற்குப் பதில்.

தேங்கிய நீரை அசுத்தப்படுத்தக் கூடாது என்றும், இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும் என்றும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டிவிட வேண்டும் என்றும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பாத்திரத்தை மூடுவதா பெரிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். மூடாத தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் இந்த நாட்டில் எத்தனை கப்றுகளைத் தோண்டின என்பதையும், அந்தக் கதை நம் கண்டியோடு எவ்வளவு நெருங்கியது என்பதையும் இந்த மாதம் சொல்லப் போகிறேன். மலேரியாவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

"மலேரியாதான் இலங்கையில் ஒழிந்துவிட்டதே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு வீட்டிலிருந்து திருடனை விரட்டிவிட்டோம் என்பதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டு யாரும் தூங்குவதில்லை.

ஆறு வற்றிய ஆண்டு

மலேரியா ஒரு ஒட்டுண்ணியால் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரி மனித இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை உடைக்கிறது. அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டு செல்வது அனோபிலிஸ் என்ற நுளம்பு இனத்தின் பெண் நுளம்பு. இதை இந்தியாவின் செகந்தராபாத்தில் வைத்து 1897-ல் கண்டறிந்து சொன்னவர் ரொனால்ட் ரோஸ் என்ற இராணுவ வைத்தியர்.

இலங்கையில் இந்த வேலையை முக்கியமாகச் செய்த நுளம்பின் பெயர் அனோபிலிஸ் குலிசிபேசிஸ். அது சாக்கடையில் முட்டையிடாது. தெளிந்த நீர், அதிலும் ஆற்றுப் படுகையில் மணலிலும் பாறைக் குழியிலும் தேங்கி, வெயில் படுகிற சுத்தமான நீர்தான் அதற்கு விருப்பம். உலர் வலயத்தில் மழைக்குப் பிறகு மலேரியா வரும். நம்மைப் போன்ற மழை கூடிய பிரதேசங்களில் கதை நேர்மாறானது. இங்கே ஆறுகள் நிறைந்து ஓடும்வரை குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். மழை பொய்த்தால்தான் ஆபத்து.

1934-ல் அப்படித்தான் மழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் மகாவலியும் வற்றி, படுகை முழுவதும் குட்டை குட்டையாக நீர் நின்றது. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய காய்ச்சல் 1935-ன் நடுப்பகுதிவரை நீடித்தது. கேகாலையும் குருநாகலும் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தின் பகுதிகளும் தப்பவில்லை. அன்று நாட்டின் சனத்தொகை சுமார் 55 இலட்சம். அதில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நோயுற்றார்கள். சுமார் 80,000 பேர் மரணித்தார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் சிறு குழந்தைகள். ஈரவலய மக்களுக்கு அந்த நோய் பழக்கமில்லாததால் உடலில் எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை, அதற்கு முந்தைய விளைச்சல் குறைவால் வயிற்றில் போதிய உணவும் இருக்கவில்லை. மூத்தவர்கள் இருக்கும் வீடுகளில் "காய்ச்சல் வருஷம்" என்று கேட்டிருப்பீர்களே, அது இதுதான்.

பதினேழும் ஐந்து இலட்சமும்

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் டி.டி.டி. என்ற மருந்து வந்தது. வீட்டுச் சுவரில் அடித்துவிட்டால், இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் வந்து உட்காரும் நுளம்பு செத்துவிடும். 1946-ல் ஏறக்குறைய 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை 1963-ல் வெறும் 17 ஆகக் குறைந்தது. நாடே மகிழ்ந்தது. மலேரியா போய்விட்டது என்று நினைத்து மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நன்றாகக் கவனியுங்கள் சகோதரிகளே. 1967-ல் மழை குறைந்தது. எலஹெரப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. கல் தேடிப் பல ஊர்களிலிருந்தும் போனவர்கள் காய்ச்சலையும் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். 1969-ல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. மறுபடியும் டி.டி.டி.யை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

மருந்துக்கு நுளம்பு எப்படிப் பழகுகிறது? ஆயிரம் நுளம்புகளில் அந்த மருந்தைத் தாங்கக்கூடியவை இரண்டோ மூன்றோ இருக்கும். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட, அந்த இரண்டும் மூன்றும் தனியாக நின்று முட்டையிடும். அவற்றின் குஞ்சுகளும் மருந்தைத் தாங்கும். இப்படிச் சில ஆண்டுகள் போனால் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். ஆகவே மருந்தை மட்டும் நம்பிய வெற்றி நீடித்து நிற்காது.

நம் வாசலுக்கு வந்த பாடம்

கண்டி நகரத்தார் மலேரியாவை அனுராதபுரத்து நோய், பொலன்னறுவை நோய் என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 1976-ல் பொல்கொல்லை அணையும், 1985-ல் கொத்மலை, விக்டோரியா அணைகளும் வந்தன. அவற்றால் மின்சாரமும் வயலுக்கு நீரும் கிடைத்தன. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அணைகளுக்குக் கீழே ஓட்டம் குறைந்த இடங்களில் மகாவலியின் பாறைக் குழிகளில் நீர் நின்றது. 1980களின் பிற்பகுதியில் கண்டியைச் சுற்றியுள்ள மகாவலிக் கரையோரத்திலேயே மலேரியா தலைகாட்டியது. 1934-ல் வானம் செய்ததை இப்போது நம் கையே செய்தது.

தண்ணீரால் வந்ததைத் தண்ணீராலேயே தீர்க்க முடியுமா என்று சிந்தித்தவர்களும் நம் பக்கத்தில்தான் இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியர் பீலிக்ஸ் அமரசிங்கவும், அன்று சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம் என்றிருந்த, இன்று சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் என்று அழைக்கப்படும் அமைப்பின் ஆய்வாளர்களும் 1990களில் ஹுருலுவெவப் பகுதியில் யான் ஓயாவை ஆராய்ந்தார்கள். அந்த ஓயாவுக்கு மகாவலி நீரும் போகிறது. நம் பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக உக்குவெளைக்குப் போய், அங்கிருந்து போவதென்ன நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து, பிறகு வடக்கே திருப்பப்படும் நீர்தான் அது.

அவர்கள் கண்டது இதுதான்: வறட்சிக் காலத்தில் ஓயா வற்றிக் குட்டைகளாகும்போது மலேரியா நுளம்பின் குடம்பிகள் பெருகுகின்றன. மேலேயுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து விடும் நீரை முறைப்படுத்தி, ஓயாவின் மட்டம் ஓரளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்தக் குட்டைகளே உருவாகாது. புதிய மருந்தும் வேண்டாம், புதிய அணையும் வேண்டாம். இருக்கிற மதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை அறிந்தால் போதும். ஓடும் நீருக்கும் தேங்கும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிதாபில் ஓதிய எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது பெரும் வியப்பாக இருந்தது.

இதே வழியில் வேறு முயற்சிகளும் நடந்தன. எலஹெரவில் கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளில், குடம்பி நுளம்பாக மாறவிடாமல் தடுக்கும் ஒரு மருந்தைச் சிறிதளவு இட்டு ஆராய்ந்தார்கள்; நோயும் குறைந்தது. 2002 முதல் சில ஆண்டுகள் விவசாயிகளுக்கு வயலிலேயே பாடசாலை நடத்தினார்கள். ஆண்களும் பெண்களும் வயலில் இறங்கி, எது பயிரைத் தின்னும் பூச்சி, எது அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சி, எது நுளம்புக் குடம்பி என்று தம் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். தும்பியின் குஞ்சு நீருக்குள் இருந்துகொண்டு நுளம்புக் குடம்பியைத் தின்னும். கண்ட கண்ட கிருமிநாசினியை அடித்தால் முதலில் சாவது அந்தத் தும்பிதான்.

1911-ல் குருநாகலில் தொடங்கிய மலேரியாத் தடைப் பணி நூறு ஆண்டுகள் நடந்தது. யுத்தம் நடந்த காலத்திலும் அது நிற்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய் இரத்தம் பரிசோதித்தார்கள். மருந்தூட்டிய நுளம்பு வலைகளைக் கொடுத்தார்கள். ஒரே மருந்தை எங்கும் அடிக்காமல் மாற்றி மாற்றி, தேவையான இடத்தில் மட்டும் அடித்தார்கள். உள்நாட்டில் தொற்றிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பர் 5-ம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டில், யானைக்கால் நோயும் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற சான்றும் கிடைத்தது.

வீட்டைத் தேடி வரும் நுளம்பு

ஆனால் அந்த 2016 முடிவதற்குள் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு பிடிபட்டது. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டெபென்சி. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். இந்த நுளம்புக்கு ஆற்றுக் குட்டை தேவையில்லை. கிணறும், சீமெந்துத் தொட்டியும், கூரைமேலுள்ள தண்ணீர்த் தாங்கியும், மூடாத பீப்பாயும் போதும். அதாவது டெங்கு நுளம்பு வாழும் இடத்திலேயே இதுவும் வாழும்.

ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்றொரு சிறிய முஸ்லிம் நாடு இருக்கிறது. 2012-ல் அங்கே மலேரியா நோயாளர் 27 பேர்தான். அந்த ஆண்டளவில் இந்த நுளம்பு அங்கே வந்து சேர்ந்தது. 2020-ல் தொகை 73,000-ஐத் தாண்டியது. எட்டே ஆண்டுகள்!

பழைய நுளம்பு ஆற்றில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலை என்று நாம் இருந்துவிடலாம். புதிய நுளம்பு வீட்டுத் தண்ணீரில் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் உங்களுடைய பொறுப்பில்தான். ஆகவேதான் இந்தக் கட்டுரையை உங்களுக்கு எழுதுகிறேன். இதை வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். தாங்கியின்மேல் ஏறி மூடியைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்தானே!

செய்ய வேண்டியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். நோயாளியின் இரத்தத்தோடு உள்ளே போன ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் முதிர்ந்து, அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர இன்னும் பத்து நாளுக்குமேல் ஆகும். எனவே வாரத்துக்கு ஒரு முறை நீரைக் கொட்டிவிட்டால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும். ஜும்ஆ நாளில் குளித்து, நகம் வெட்டி, நல்ல உடை உடுத்துகிறோம். அந்த நாளின் காலையில் கால் மணி நேரத்தை இதற்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்களின் கண் நம்முடைய கண்ணைவிடக் கூர்மை.

எங்கெங்கே பார்ப்பது? தண்ணீர்த் தாங்கியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா, வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூரைப் பீலியில் இலை அடைத்து நீர் நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடியின் அடித்தட்டு, மணிபிளான்ட் வைத்த போத்தல், சிரட்டை, தயிர்ச் சட்டி, பழைய டயர் எதையும் விடாதீர்கள். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

குடம்பியைக் கண்டால் அது எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தபடி இருந்தால் அது அனோபிலிஸ். தலைகீழாகச் சரிந்து தொங்கினால் மற்ற நுளம்புகள். எதுவாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஆனால் படுத்திருக்கும் குடம்பியைத் தாங்கியிலோ கிணற்றிலோ கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். அபராதம் விதிப்பார் என்று பயந்து மறைக்க வேண்டாம்.

இன்னும் மூன்று இடங்களை நம் சமூகம் தனியாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, பூட்டிய வீடு. அக்குறணை, மடவளை, கம்பளை எங்கே பார்த்தாலும் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தாங்கியும் கழிவறைத் தொட்டியும் நீரோடு நிற்கின்றன. சாவி உங்களிடம் இருந்தால் அது அமானிதம். வீட்டை மட்டுமல்ல, அக்கம்பக்கத்தையும் காப்பதற்கான அமானிதம்.

இரண்டாவது, பள்ளிவாசல் ஹவ்ழு. பழைய காலத்தில் ஹவ்ழில் மீன் வளர்த்தார்கள். நமது பெரியவர்கள் அதை அழகுக்காக மட்டும் விட்டதாக நினைக்க வேண்டாம். மீன் இருக்கும் நீரில் குடம்பி தங்காது. கப்பி மீன் நான்கைந்தை விட்டால் தொட்டியையும் கிணற்றையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மீனை ஆற்றிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். அது வெளிநாட்டு மீன். நம் ஓடைகளுக்கே உரிய சிறு மீன்களுக்கு இடைஞ்சலாகும்.

மூன்றாவது, புகை. டெங்கு கூடியதும் "புகை அடிக்கச் சொல்லுங்கள்" என்று ஊரே கேட்கும். புகை அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். நீருக்குள் இருக்கும் குடம்பியை அது தொடாது. மூன்று நாளில் புதிய நுளம்பு எழும்பி வரும். நாட்டில் 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்குக்கு ஆளான 2017-ம் ஆண்டிலும் புகைக்குக் குறைவிருக்கவில்லை.

பயணம் போய் வருகிற பிள்ளை

கடைசியாக ஒன்று. இதுதான் மிக முக்கியம். நுளம்பு மட்டும் இருந்தால் மலேரியா வராது. ஒட்டுண்ணியும் வர வேண்டும். அது மனிதனின் இரத்தத்தில்தான் வருகிறது. இப்போது இலங்கையில் காணப்படும் மலேரியா நோயாளர் வெளிநாட்டில் தொற்றுக்கு ஆளாகித் திரும்பியவர்கள். அவர்களில் ஆபிரிக்காவுக்கும் மடகஸ்கருக்கும் மாணிக்க வியாபாரத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்படிப் போகிற கணவருக்கோ மகனுக்கோ பெட்டி அடுக்குவது நீங்கள்தான். அடுக்கும்போதே, "மலேரியாத் தடை இயக்கத்துக்குப் போய் மாத்திரை எடுத்தீங்களா?" என்று கேளுங்கள். எங்கே போகிறோம் என்று சொன்னால் அந்த நாட்டுக்கு ஏற்ற தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருவார்கள். போகுமுன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். ஊர் வந்தாயிற்று என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

திரும்பி வந்தவருக்கு ஒரு மாதத்திலோ, பல மாதம் கழித்தோ காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் பெனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். மலேரியாவில் ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து ஓராண்டு கழித்தும் எழும்பும். இன்னொரு வகை சில நாட்களிலேயே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும். இன்று நம் நாட்டின் இளம் வைத்தியர்களில் பலர் படிப்பு முடித்த பிறகு ஒரு மலேரியா நோயாளியையும் கண்டிருக்கமாட்டார்கள். காய்ச்சல் என்றதும் அவர்களுக்கு டெங்குதான் நினைவு வரும். அது அவர்கள் குறையல்ல. நாம் சொன்னால்தானே தெரியும்?

"டொக்டர், இவர் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று உம்மாவோ மனைவியோ சொல்லும் அந்த ஒரு வசனம் ஓர் உயிரைக் காப்பாற்றும். உரிய நேரத்தில் கண்டால் மலேரியா முழுமையாகக் குணமாகும் நோய். அந்த வசனம் ஊரையும் காப்பாற்றும். ஏனென்றால் ஒரு நோயாளியும் ஒரு மூடாத தாங்கியும் சந்தித்துக்கொண்டால், நூறு ஆண்டு உழைத்துப் பெற்ற வெற்றி மறுபடியும் 1963-ன் கதையாகிவிடலாம்.

சகோதரிகளே, பாத்திரத்தை மூடுவது சின்ன சுன்னத் என்று நினைத்திருந்தால் இன்று இரவு "பிஸ்மில்லாஹ்" சொல்லி மூடும்போது அந்த 80,000 பேரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் தாங்கியின் மூடியிலிருந்து தொடங்குங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.